என் மனைவி டி.வி.யில் இளைத்த கதை

என் மனைவி தொண்ணூற்றாறு கிலோ இருந்த காலத்தில் நான் ஐம்பத்தொரு கிலோ இருந்தேன். எடை விஷயத்தில் நான் குத்துமதிப்பாகப் பேசுகிறவன் இல்லை. ஒரு சர்க்கரை ஆலையில் பதினெட்டு வருஷம் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டவன். வண்டி மேடையில் ஏறுவதற்கு முன்பே கண்ணால் பார்த்து எடை சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது.

ஆலையை மூடிவிட்டார்கள். அதே சமயத்தில் ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இறங்கின. முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் கட்டடங்கள் எழும்பின. ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் குடிவந்த நாலு ஒடிசாக்காரர்கள் மூன்று நாள் தொடர்ந்து பன்னும் பிஸ்கட்டும் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என் மனைவி ஒரு குண்டான் சோறும் பருப்பும் கொண்டுபோய் வைத்தாள். நாலு பேர் எட்டுப் பேரானார்கள். ஒரு வருஷத்தில் அறுபது பேர். வாசலில் தகரம் இறக்கினோம். அது மெஸ் ஆனது. கரும்பை எடைபோட்ட கையால் நான் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

தன் உடம்பைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒல்லியா கீறவ சமைச்சா எவன் நம்பித் துன்னுவான்?" என்பாள். அதற்கு நான் மறுப்புச் சொன்னதில்லை. மெஸ்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். அப்புறம்தான் தட்டை எடுப்பார்கள்.

கவலைப்பட்டவள் எங்கள் மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். ஒருநாள் போன் செய்தாள்.

"நைனா, திருப்பதில ஒரு டி.வி. சேனல்காரங்க போட்டி வெக்கிறாங்க. அம்மா பேர குட்துட்டேன். ஞாயித்துக்கிழம கூட்டிக்கினு போ."

"இன்னா போட்டி?"

"போனா தெரியும். அம்மாவாண்ட ஒன்னும் சொல்லாத."

போட்டி என்றால் சமையல் போட்டிதான் என்று என் மனைவி தானாகவே முடிவு செய்துகொண்டாள். ஞாயிறு விடியற்காலையில் எழுந்து பருப்பு உருண்டைக் குழம்பு வைத்து, ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டாள். திருப்பதி பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

தேர்வு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உள்ளே போனதும் நான் கவனித்தது, வந்திருந்தவர்கள் எல்லோருமே கனத்த உடம்புக்காரர்கள். மேடையில் அடுப்பு இல்லை. எடை போடும் மெஷின் இருந்தது. சித்தூர்ப் பக்கம் மாங்காய் மண்டிகளில் கூடை கூடையாக வைத்து நிறுப்பார்களே, அதே மெஷின். பளபளவென்று தங்க நிறக் காகிதம் சுற்றியிருந்தார்கள். எடை குறைக்கும் போட்டி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. என் மனைவிக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"இதுக்கா நான் நாலு மணிக்கு எய்ந்து உருண்ட புட்ச்சேன்?" என்றாள். மகளை வாயில் வந்தபடி திட்டினாள். ஆனால் கொண்டுவந்த குழம்பைத் திருப்பி எடுத்துப்போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. டைரக்டர், கேமராக்காரர்கள், மைக் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் சோறு வாங்கிவரச் சொல்லி ஊற்றினாள். தொப்பி போட்ட இளைஞர்தான் டைரக்டர். மூன்றாவது முறை ஊற்றிக்கொண்டபோதே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"நா இதுல எல்லாம் சேர மாட்டேன்" என்று அவள் எழுந்தபோது, ரத்தம் பரிசோதிக்க வந்திருந்த டாக்டரம்மா கூப்பிட்டார். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை முந்நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எனுக்கா? நான் காப்பில சக்கரயே போட்டுக்கறதில்லயே" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா மெதுவாகத் தெலுங்கில் விளக்கினார். கால் மரத்துப்போகிறதா, ராத்திரியில் அடிக்கடி எழுந்திருக்கிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். இருபத்தாறு வருஷம் கூடவே இருந்த எனக்கு அது ஒன்றும் தெரியாது. அந்த நிகழ்ச்சியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இதை நான் மறக்கக் கூடாது. அவர்கள் விரலில் குத்தியிராவிட்டால் நாங்களாகப் போய்க் குத்திக்கொண்டிருக்க மாட்டோம். அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எட்டுப் பேர். பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு ஞாயிறும் எடை. யார் வெளியே போவது என்பதை எடையும், நேயர்கள் ஓட்டாக அனுப்பும் செய்தியும் சேர்ந்து முடிவு செய்யும். ஒவ்வொருவருக்கும் துணையாக வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும். அப்படித்தான் நான் டி.வி.க்குப் போனேன்.

முதல் வாரம் மெஷினின் ஒரு கால் சிவப்புக் கம்பளத்தின் மேலும் மற்ற மூன்று கால்கள் தரையிலும் இருந்தன. இப்படி வைத்தால் எடை சரியாக வராது என்று டைரக்டரிடம் சொன்னேன். "சார், மீரு கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். நானே குனிந்து கம்பளத்தை இழுத்துவிட்டேன். அதில், அழகாக நின்றிருந்த நாலு விளக்குகளில் ஒன்று சாய்ந்துவிட்டது. அதிலிருந்து என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

எடை போட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் தங்கள் துயரத்தைச் சொல்லி அழ வேண்டும். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா அழுதார். நாயுடுப்பேட்டையில் ஸ்வீட் கடை வைத்திருந்த ஒருவர் உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதார். என் மனைவியின் முறை வந்தது.

"ஏடவண்டம்மா" என்றார் டைரக்டர். அழுங்கம்மா என்கிறார்.

"இன்னாத்துக்கு?"

"உங்க உடம்பால நீங்க பட்ட அவமானத்த நெனச்சுக்கோங்க."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "ஒரு தடவ ரெட்டேரில ஒரு கல்யாணத்துல சேர் ஒட்ஞ்சிது" என்று சொல்லிவிட்டு, அந்தக் காட்சி ஞாபகம் வந்து சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்தால் நிறுத்துவது கஷ்டம். மைக் பிடித்தவரும் சிரித்துவிட்டார். அழவைக்க அவள் கண்ணில் ஏதோ தடவிப் பார்த்தார்கள். அதற்கும் கண்ணீர் வந்ததே தவிர முகம் சிரித்தபடியே இருந்தது.

டைரக்டர் என்னிடம் வந்தார். "சார், நீங்க அந்தப் பக்கம் பாருங்க." விளக்கு நேராகக் கண்ணில் அடித்ததால் எனக்கும் அது வசதியாக இருந்தது. திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒளிபரப்பானபோது மெஸ்ஸில் அறுபது பேரும் உட்கார்ந்து பார்த்தோம். என் மனைவியின் ஈரக் கண்; சோகமான வயலின்; அப்புறம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அதையே மூன்று முறை. இவ்வளவு கனமான மனைவியோடு வெளியே போகவே வெட்கப்படுகிற கணவர் என்று ஒரு பெண் குரல் தெலுங்கில் உருகியது.

தெலுங்கு தெரியாத ஒடிசாக்காரர்கள்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் டீக்கடையில் எனக்கு டீ வர வெகுநேரம் ஆயிற்று. நாகலாபுரத்திலிருந்து என் மச்சினி போன் செய்து, "மாமா, ஒங்கள நான் இன்னாவோ நெனச்சிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். புத்தூர் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏமய்யா, சிக்கு லேதா நீக்கு?" என்று கேட்டார். வெட்கம் இல்லையா உனக்கு என்று. இருக்கிறது என்பதால்தானே டி.வி.யில் காட்டினார்கள் என்று சொல்லத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன். "நீயாவது நாலு பேராண்ட சொல்லேன், நா அப்டி இல்லன்னு."

"இருய்யா. இப்பத்தான் அல்லாரும் என்னப் பாத்து பாவம்றாங்க. ரெண்டு வாரம் போவட்டும்" என்றாள்.

அதோடு மகள் ஒரு சட்டம் போட்டாள். வீட்டில் ஒருவர் டயட் இருந்தால் மற்றவரும் இருக்க வேண்டுமாம், அதுதான் ஆதரவாம். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கொள்ளும் கீரையும், ராத்திரி சௌசௌ. அறுபது பேருக்குக் குழம்பும் வறுவலும் மணக்க மணக்கப் பரிமாறிவிட்டு நான் சௌசௌ முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் என் மனைவி இரண்டு கிலோ இறங்கியிருந்தாள். நான் மூன்று கிலோ இறங்கியிருந்தேன். போட்டியில் நானும் இருந்திருந்தால் சதவீதக் கணக்கில் முதலிடம் எனக்குத்தான்.

அவள் ஒவ்வொரு வாரமும் கடைசியில்தான் இருந்தாள். ஆனால் வெளியே போகவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்ட அறுபது பேரும் ஷிப்டு ஷிப்டாக அவளுக்குச் செய்தி அனுப்பினார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களோடு அவளும் கம்பெனி கேட் வரை நடந்தாள். முதல் நாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதத்தில், கேட்டில் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பி வருகிற வழியில் கீரைக்காரியோடு சண்டை போடும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தது.

அந்த ஸ்வீட் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வயசு. நூற்றுப் பதினெட்டு கிலோவில் தொடங்கினார். தெலுங்குதான் அவர் பாஷை. எங்களோடு பேசத் தமிழையும் சேர்த்துக்கொள்வார். என் மனைவியை அக்கா என்றும், அந்த முறையில் என்னைப் பாவா, அதாவது மாமா, என்றும் கூப்பிட்டார். என்னை வில்லனாகப் பார்க்காத ஒரே போட்டியாளர் அவர்தான். பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில் அவரைப் பார்த்ததுமே காப்பியோடு அனுப்பிவிட்டார்களாம்.

"டி.வி.ல ஜெயிச்சா ஊரே பாக்கும்கா. அப்றம் எவுரு வேண்டாம்னு சொல்வாங்க?" என்றார்.

வாரத்துக்கு இரண்டு கிலோ, சில வாரம் மூன்று கிலோ என்று இறங்கினார். கைதட்டல் அவருக்குத்தான். எட்டாவது வாரம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். உதடு வெடித்திருந்தது. மே மாத வெயிலில், விளக்குகளுக்கு நடுவில், எல்லோருக்கும் வழிகிறது. அவருக்கு மட்டும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஆலையில் கரும்பை வெட்டி ரெண்டு நாள் வெயிலில் போட்டால் எடை இறங்கிவிடும் என்று விவசாயிகள் ராத்திரியே தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். இவர் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தார்.

"தண்ணி எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம், பாவா. எட முடிஞ்சதும் குடிச்சிடுவேன்."

"இது எட கொறயறதில்ல. காயறது."

"மெஷினுக்குத் தெரியாதே" என்று சிரித்தார். உதட்டில் ரத்தம் வந்தது.

டைரக்டரிடம் சொன்னேன். கம்பளத்தை இழுத்தவன் சொல்வதை அவர் ஏன் கேட்கப் போகிறார்?

கடைசி வாரத்துக்கு நாலு பேர் மிஞ்சினார்கள்: வங்கி அம்மா, ஒரு ஜிம் வாத்தியாரின் அண்ணன், ஸ்வீட் கடைக்காரர், அறுபது பேரின் தயவில் என் மனைவி. திருமலைப் படியில் ஓடவிட நினைத்திருந்தார்களாம். அங்கே கேமரா கூடாது என்பதால், ரேணிகுண்டா ரோட்டில் பாதி கட்டி நின்றிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு வாரத்தில் யார் எத்தனை கிலோ குறைத்தார்களோ அத்தனை கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு மாடி ஏற வேண்டும். அதற்கப்புறம் மண்டபத்துக்குப் போய்க் கடைசி எடை. எடைக்கு வராதவர் தோற்றவர்.

என் மனைவிக்கு ஒன்பது கிலோ. மெஸ்ஸில் தினம் தூக்குகிற குண்டானைவிடக் கம்மி. ஸ்வீட் கடைக்காரருக்கு இருபத்தாறு கிலோ. அதிகம் குறைத்தவனுக்கு அதிகச் சுமை. என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

துணைக்கு வந்தவர்களும் பின்னாலேயே ஏற வேண்டும். நாலாவது மாடித் திருப்பத்தில் அவர் கைப்பிடி இல்லாத சுவரைத் தடவினார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. முதுகில் அரிசி மூட்டை அவரைப் பின்னால் இழுத்தது. என் மனைவி தன் பையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவர் தலையை மடியில் தாங்கினாள்.

"தண்ணி குடு" என்றாள். கேமராக்காரரிடம் ஒரு பாட்டில் இருந்தது.

வாயில் வைத்ததும் அவருக்கு நினைவு வந்து தலையைத் திருப்பினார். "ஒத்தக்கா, வேண்டாம். சாயந்திரம் எட இருக்கு."

"குடிடா."

"அர கிலோ ஏறிடும் அக்கா. அவ்ளோதான். இன்னும் அர நாள்."

அவள் பாட்டிலைப் பிடுங்கினாள். அண்ணாந்து, முழுப் பாட்டில் தண்ணீரையும் மடக் மடக்கென்று தானே குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "பாரு. நா அர கிலோ ஏறிட்டேன். இப்ப நீ ஏறு. ரெண்டு பேரும் ஒண்ணா தோத்துப் போவலாம்" என்றாள்.

அவர் அழத் தொடங்கினார். கண்ணீர்கூடச் சரியாக வரவில்லை.

இப்போது ஒரு சிக்கல். இருந்த ஒரே பாட்டிலை இவள் குடித்துவிட்டாள்.

நான் ஓடினேன். நாலு மாடி இறங்கி, ரோட்டைக் கடந்து, எலுமிச்சை சோடாக் கடையில் உப்புப் போட்டு நாலு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினேன். அந்த நாற்பத்தேழு கிலோ உடம்பில் அவ்வளவு வேகம் இருந்தது எனக்கே தெரியாது. அவர் குடித்தார். என் மனைவியும் நானும் அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "அம்மா, இப்ப ஒரு தடவ அழுங்க, சூப்பரா இருக்கும்" என்று கூடவே ஓடிவந்த டைரக்டரிடம் அவள் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழுக்கே அது புரிந்தது.

மூன்று பாட்டில் சலைன் ஏறியது. இன்னும் ஒருநாள் இப்படி இருந்திருந்தால் சிறுநீரகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவரும் என் மனைவியும் எடைக்குப் போகவில்லை. வங்கி அம்மா ஜெயித்தார்.

வியாழக்கிழமை ஒளிபரப்பானது. அவர் விழுவதும், என் மனைவி மடியில் தாங்குவதும், அக்கா தம்பி பாசம் என்று பாட்டோடு வந்தது. தண்ணீர் குடித்ததை வெட்டிவிட்டார்கள். நான் சோடாவோடு ஏறிவந்ததையும் வெட்டிவிட்டார்கள். இறங்கி ஓடியதை மட்டும் காட்டினார்கள். ஆபத்தில் மனைவியை விட்டுவிட்டு ஓடுகிற கணவர் என்று அதே பெண் குரல் சொன்னது. டீக்கடைக்கு இரண்டு மாதம் நான் போகவில்லை.

அந்த நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்று எங்கள் மகள் இப்போதும் கேட்பாள். பேர் கொடுத்தவள் என்பதால் அவளுக்கு அது உறுத்துகிறது. என் மனைவி இன்றைக்குத் தொண்ணூறு கிலோ. குறைத்த ஒன்பதில் மூன்று திரும்பி வந்துவிட்டது. காலையில் நடக்கிறாள், மாத்திரை போடுகிறாள், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஸ்வீட் கடைக்காரர் ஆறு மாதத்தில் நூற்றுப் பத்துக்கு வந்தார். ஆனால் அவர் அழுததைப் பார்த்து, சூளூர்ப்பேட்டையில் ஒரு பெண் தன் வீட்டாரிடம், "இப்படி அழுகிற ஆளு பொண்டாட்டிய அடிக்க மாட்டான்" என்று சொன்னாளாம். கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அந்தப் பெண்ணும் அவருக்கு ஏற்ற உடம்புக்காரிதான். மணமேடையில் என்னைக் காட்டி அவளிடம் அவர், "இவருதான் ஓடிப்போன பாவா" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

கடைசியாக வங்கி அம்மாவைப் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் கழித்து ரேணிகுண்டா ஸ்டேஷனில் பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தார். என் மனைவிதான் அவர் கையைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்தாள். குறைத்ததெல்லாம் திரும்பி, மேலே ஆறு ஏழு கிலோ கூடியிருந்தது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. தெரிந்ததற்காக என்மேல் எனக்கே கோபமாக இருந்தது.

"பேங்க்ல வரவங்க எல்லாம் கேக்கறாங்கம்மா, ஜெயிச்ச அம்மாதானே, ஏன் இப்படி ஆயிட்டீங்கன்னு" என்றார். "வேற ஊருக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். அங்க யாரும் அந்தச் சேனல் பாக்கறதில்ல."

என் மனைவி பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தாள். வங்கி அம்மா தயங்கினார். பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் எழுந்து அவருக்கு முன்னால், கூட்டத்துக்கு அவர் தெரியாதபடி, முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நாற்பத்தொன்பது கிலோ உடம்பு எவ்வளவு மறைக்கும் என்று தெரியவில்லை. பின்னால் இரண்டு பேரும் மெஸ்ஸைப் பற்றியும் மாத்தல் ஊரில் தண்ணீர் உப்பாக இருப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். நெல்லூர்ப் பக்கம் போகிற வண்டி வந்தது, அவர் ஏறிக்கொண்டார்.